தறி நின்னா தலைக்குள்ள சத்தம்: அமைதியா ஒரு அரை மணி நேரம் எப்படிங்க கெடைக்கும்?

தறிக்காரம்மா

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, எழுதுறது இதுதான் மொதத் தடவ. போன்ல ஒத்தை வெரல்ல தட்டுறேன், பிழை இருந்தாப் பொறுத்துக்குங்க.

எனக்கு 46 வயசுங்க. சோமனூர்ப் பக்கம் ஒரு ஊரு. வீட்டோட ஒட்டுனாப்ல தறிக்குடோன். எட்டுத் தறி, எல்லாமே நாடா ஓடுற சாதாத் தறி. பாவும் (துணியில நீளவாக்குல ஓடுற நூலு) ஊடை நூலும் (குறுக்க ஓடுறது) வெளிய இருந்து வரும், நாங்க கூலிக்கு ஓட்டி, வெளுக்காத காடாத் துணியாக் குடுக்கிறோம். என்ர சமையக்கட்டுச் செவுத்துக்கு அந்தப் பக்கம் மூணாந் தறி. அது ஓடுனா இந்தப் பக்கம் அலமாரியில டம்ளரெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒரசிக்கிட்டே இருக்கும். கல்யாணம் ஆகி வந்த புதுசுல தறிச் சத்தம் கூடச் சீக்கிரம் பழகிருச்சு, அந்த டம்ளருச் சத்தம் பழகல. கடைசியா அடியில பழைய துண்ட விரிச்சு வெச்சேன். இன்னும் அந்தத் துண்டு இருக்குது.

23 வருஷமாச்சுங்க. ராத்திரி ஷிப்டும் சேர்த்து விடிய விடிய ஓடும், ஞாயித்துக்கெழம மட்டும் லீவு. அந்தச் சத்தத்துக்குள்ளயே சமைச்சு, புள்ளயத் தூங்க வெச்சு, தார் சுத்தி, ஒறம்பரைய உபசரிச்சு எல்லாம் பண்ணியாச்சு. என்ர மகள் கோயமுத்தூர்ல காலேஜ் படிக்குது. லீவுக்கு வந்தா மொத வார்த்தையே "ஏம்மா கத்தறே?"ங்கிறதுதான். நான் கத்தலைங்க. அது என்ர சாதாக் கொரலு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். 2025 மார்ச்சுல கூலி உயர்வு கேட்டு கோயமுத்தூர், திருப்பூர் மாவட்டத்துல தறிய நிறுத்துனாங்கல்ல, ஒரு மாசம் போல ஓடல. மொத நாள் ராத்திரி எங்க எட்டும் நின்னு, பக்கத்து வீட்டுது நின்னு, ஊரே நின்னு போச்சு. அப்பாடா, இன்னைக்கு அசந்து தூங்கலாம்னு படுத்தேன். தூக்கமே வரல. ரெண்டு மணி இருக்கும், நெஞ்சு படபடன்னு அடிக்குது. யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சுங்கிற மாதிரி. எந்திரிச்சுப் பாத்தா எங்கூட்டுக்காரரும் கண்ண முழிச்சுட்டு விட்டத்தப் பாத்துட்டுப் படுத்திருக்காரு. ரெண்டு பேரும் ஒன்னும் பேசிக்கல. அவரே எந்திரிச்சுப் போயி, கம்பிக்கூடு லூசாகிக் கடகடங்குதுன்னு மூலையில தூக்கிப் போட்டிருந்த டேபிள் பேனக் கொண்டாந்து ஓட விட்டாரு. அஞ்சு நிமிசத்துல ரெண்டு பேரும் தூங்கிட்டோம்.

ஆனா ஒரு பத்து நாள் போனதுக்கு அப்புறம் ஒன்னு நடந்துச்சுங்க. காலையில வாசல்ல கோலம் போட்டுட்டு அப்படியே படியில உக்காந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. மாவுக் கிண்ணம் கையிலயே இருக்குது. மனசுல ஒன்னுமே இல்ல. வட்டி இல்ல, மக கல்யாணம் இல்ல, யார் என்ன சொன்னாங்கங்கிறது இல்ல. பால்காரர் பெல் அடிச்சப்பத்தான் இந்த ஒலகத்துக்கு வந்தேன். அடுப்புல வெச்ச தண்ணி பாதி சுண்டிப் போச்சு.

அது மறுபடி வரவே இல்லைங்க. தறி ஓட ஆரம்பிச்சதுல இருந்து அதையே தேடிட்டு இருக்கேன். கோயிலுக்குப் போனா ஆடி மாசம், பாட்டுப் போடுற கொம்புக் கொழாய் ஸ்பீக்கரு மரத்துக்கு மரம் கட்டியிருக்குது. ரூமுக்குள்ள கதவச் சாத்திட்டு உக்காந்தா, அத்தை பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வந்து "ஒடம்புக்கு என்ன பண்ணுது?"ங்கிறாங்க. ஒன்னும் பண்ணல, சும்மா உக்காந்திருக்கேன்னா, "சும்மா எதுக்கு உக்காரணும்?"னு அதுக்கொரு கேள்வி. அவங்களக் கொறை சொல்லல, 72 வயசுலயும் உக்காராத மனுசி.

இன்னொன்னு. அப்படித் தப்பித்தவறி அமைதியா உக்காந்தா, காதுக்குள்ள ஙொய்ங்னு ஒரே சுதியா ஒரு சத்தம். யூடியூப்ல ஒரு சாமியார் சொன்னாரு, அது உள்நாதம், தியானம் கைகூடுற அடையாளம்னு. சரி, கொஞ்சம் முன்னேறிட்டோம் போலன்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். ஆனா அந்தச் சத்தம் எந்திரிச்சதும் பின்னாடியே பழைய கணக்கு வழக்கெல்லாம் வந்து உக்காந்துக்குது.

குடும்பத்த விட்டுட்டு எங்கயும் போக முடியாது, தறிய நிறுத்தவும் முடியாது. அதுக்குள்ளயே ஒரு அரை மணி நேரம் எப்படிங்க? நீங்கெல்லாம் எப்படிப் பண்றீங்க?

நேர்ப்பேச்சு

அந்த ஒரு மாசத்துல தறி ஓட்டுற ஆளுங்க பாதிப் பேர் கைமாத்து வாங்கித்தான் அடுப்பு எரிச்சாங்க. உங்களுக்கு அது நிசப்தம், கோலம், பால்காரர் மணி. வசதி இருக்கிறவங்களுக்குத்தான் உள் அமைதி வெளி அமைதி எல்லாம். தப்பா எடுத்துக்காதீங்க, தோணுனதச் சொன்னேன்.

நாலுமணி

முந்தின பதிவர் சொன்னதை விடுங்க மேடம். நான் போய் வந்த கதையைச் சொல்றேன், உங்களுக்கு ஒத்து வருமான்னு பாருங்க.

சென்னையில திருமுடிவாக்கத்துல தம்ம சேதுன்னு ஒரு விபாசனா தியான மையம் இருக்கு. பத்து நாள் தங்கிப் பழகணும். கட்டணம் கிடையாது, முடிச்சவங்க விருப்பப்பட்டா நன்கொடை கொடுக்கலாம், அவ்வளவுதான். உள்ளே போனதும் போனை வாங்கி வெச்சுடுவாங்க. பேசக் கூடாது, சைகை கூடாது, எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. காலையில நாலு மணிக்கு மணி அடிக்கும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் உட்காரணும். பதினோரு மணிக்கு மதியச் சாப்பாடு, புதுசா வந்தவங்களுக்குச் சாயங்காலம் டீயும் பழமும், அத்தோட சரி.

முதல் மூணு நாள் மூக்கு நுனியில மூச்சைக் கவனிக்கிறது மட்டும்தான் வேலை. நான் ஐடி ஆளு, வாய் ஓயாம பேசுறவன். பேசாம இருக்கிறது கஷ்டம்னு நெனச்சுப் போனேன். அது ரெண்டே நாள்ல சரியாப் போச்சு. பிரச்சினை வேற. சின்ன வயசுல டிவியில வந்த ஒரு சோப்பு விளம்பரப் பாட்டு மூணாவது நாள் மண்டைக்குள்ள ஓட ஆரம்பிச்சது, ஆறாவது நாள் மதியம் வரைக்கும் நிக்கல. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கேட்டது! பத்தாவது நாள் பேசலாம்னு சொன்னப்போ பக்கத்து அறை ஆளு கிட்ட முதல்ல கேட்டது, "உங்களுக்கு என்ன பாட்டு ஓடிச்சு?"ன்னு. அவருக்கு ஸ்கூல் பிரேயராம்.

ஒரு தெளிவு வந்தது, பொய் சொல்லல. ஆனா ரெண்டு வாரம் கழிச்சு கிண்டி சிக்னல்ல ஹாரன் அடிச்சவன் கிட்ட இறங்கிப் போய்ச் சண்டை போட்டேன். காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்பினாங்க, நான் உட்காரல. தப்பு என் மேல.

ஒண்ணு மட்டும். நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மைன்னு எழுதியிருக்கீங்க. அது அடிக்கடி வந்தா இந்த மாதிரி நீண்ட மௌனத்துல நேரா குதிக்காதீங்க, முதல்ல யார்கிட்டயாவது பேசுங்க. 14416-ன்னு டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண் இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

தறிக்காரம்மா

நேர்ப்பேச்சு தம்பி, தப்பா எடுத்துக்கலைங்க. எங்களுக்கும் எட்டுத் தறி மேல கடன் இருக்குது, அந்த மாசம் என்ர தோடு பேங்குக்குப் போச்சு, இன்னும் திரும்பி வரல. எங்ககிட்ட ஓட்டுற ரெண்டு பேருக்கும் அரிசி எங்கூட்டுல இருந்துதான் போச்சு. அந்தக் கஷ்டத்துக்கு நடுவுல அந்தக் காலை நேரம் எப்படி வந்துச்சுங்கிறதுதான் எனக்கே புரியல. அதனாலதான் கேக்குறேன்.

நாலுமணி தம்பி, பத்து நாளெல்லாம் ஆகாதுங்க. நான் ரெண்டு நாள் எங்கம்மா ஊருக்குப் போனாலே மூணாம் நாள் போன் வரும், உப்பு டப்பா எங்கன்னு. சோப்புப் பாட்டப் படிச்சுச் சிரிச்சுட்டேன், பக்கத்துல அத்தை என்னன்னு கேட்டாங்க.

கடைசிப்பெட்டி

தாயி, நான் ரயில்வேல கூட்ஸ் கார்டா இருந்து ஓய்வு பெற்றவன். 2022-லிருந்து அந்த வேலைக்கு 'டிரெயின் மேனேஜர்'னு பேரு மாத்திட்டாங்க, நான் கார்டாவே போய் கார்டாவே வந்துட்டேன். நீங்க தேடுற தனிமையை எனக்குச் சம்பளம் போட்டுக் கொடுத்தாங்க. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

கூட்ஸ் வண்டிக்குப் பின்னால பிரேக்வேன்னு ஒரு பெட்டி, அதுல நான் ஒருத்தன். டிரைவருக்கும் எனக்கும் நடுவுல 58 வேகன், அறுநூறு மீட்டருக்கு மேல. உள்ள ஒரு பெஞ்சு, பச்சை சிவப்புக் கொடி, கை விளக்கு, என் பெட்டி, தண்ணி கேன். அன்னைக்கு அதுல லைட்டும் கிடையாது, கக்கூஸும் கிடையாது. எக்ஸ்பிரஸ் வண்டிக்கு வழி விட லூப் லைன்ல, அதாவது பக்கத்துத் தண்டவாளத்துல, தள்ளி நிறுத்திடுவாங்க. ஜோலார்பேட்டை சேலம் செக்ஷன்ல லோகூர், டேனிஷ்பேட்டைன்னு காட்டு ஓரத்து ஸ்டேஷன்லாம் இருக்கு. அங்க ராத்திரி நாலு மணி நேரம் அஞ்சு மணி நேரம் நின்னிருக்கேன். இன்ஜின் சத்தம்கூட என் வரைக்கும் வராது.

எல்லாரும் சொல்லுவாங்க, உனக்கென்ன சாமி, ஜென்மத்துக்கும் தியானம்னு. முதல் அஞ்சாறு வருஷம் அந்தப் பெட்டியில நான் என்ன பண்ணேன் தெரியுமா? எங்க அண்ணனோட பாகப்பிரிவினைச் சண்டை. அவன் ஒண்ணு சொல்லுவான், நான் திருப்பி ஒண்ணு சொல்லுவேன், எல்லாம் மனசுக்குள்ள. மொரப்பூர்ல ஆரம்பிச்சா சேலம் வர்றதுக்குள்ள நான் கேஸ் ஜெயிச்சிருப்பேன். மறுநாள் திரும்பி வரும்போது அவன் அப்பீல் போயிருப்பான். ஆள் இல்லாத இடத்துல உக்காந்தா ஆள் இல்லாம போயிடாது தாயி, எல்லாரும் டிக்கெட் இல்லாம ஏறிக்குவாங்க.

அது எப்ப நின்னதுன்னா, வேலையை ஒழுங்காப் பார்க்க ஆரம்பிச்சப்புறம். வளைவுல வண்டி திரும்பும்போது முழு நீளமும் தெரியும். அப்ப எட்டிப் பார்க்கணும், எங்கயாவது ஆக்சில் சூடாகிப் புகையுதா, எதாவது தொங்குதான்னு. ஒரு தடவை நான் அசட்டையா இருந்து, அடுத்த ஸ்டேஷன்ல இருந்தவர் புகையைப் பார்த்துச் சொல்லி வண்டி நின்னது. பெருசா ஒண்ணும் ஆகல. ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு வளைவுக்கும் எந்திரிச்சு நின்னு பார்ப்பேன். வளைவு முடிஞ்சு உக்காந்தா அண்ணன் வர மாட்டான். அடுத்த வளைவு வர வரைக்கும் ஒரு மாதிரி தெளிஞ்ச தண்ணி மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு. நிக்காம போற ஸ்டேஷன்லயும் பிளாட்பாரத்துல ஒருத்தர் பச்சைக் கொடியோ விளக்கோ காட்டுவார், நானும் காட்டணும், வண்டி சரியா இருக்குன்னு அர்த்தம். ரெண்டு செகண்டுதான். முகம்கூடத் தெரியாது. அந்த ரெண்டு செகண்டு இருந்ததாலதான் மீதி நேரத்துத் தனிமையைத் தாங்க முடிஞ்சதுன்னு இப்ப தோணுது. அளவுக்கு மிஞ்சின தனிமை ஆளைத் தின்னுடும். ரெண்டு நாள் டூட்டி முடிச்சு வீட்டுக்கு வந்தா எனக்குப் புள்ளைங்க கிட்ட என்ன பேசுறதுன்னே தெரியாது. "சாப்டியா, படிச்சியா", அவ்வளவுதான் பேசியிருக்கேன். அதுல எனக்கு வருத்தம் உண்டு.

உங்க கோலக் கிண்ணத்தை யோசிச்சுப் பார்த்தேன். கோலம் போட்டு முடிச்ச கையோடதான் அது வந்திருக்கு, கவனிச்சீங்களா?

செவிப்பறை

அம்மா, எல்லாரும் மனசைப் பத்திப் பேசுறாங்க, நான் காதைப் பத்திப் பேசுறேன். ஒரு அரசு மருத்துவமனையில காது மூக்கு தொண்டைப் பிரிவுல கேட்புத்திறன் சோதனை பண்றதுதான் என் வேலை.

அந்த 'ஙொய்ங்' உள்நாதமா இல்லையான்னு சொல்ல எனக்குத் தகுதி இல்ல. ஆனா 23 வருஷம் தறிச் சத்தத்துல இருந்த ஒருத்தர் இப்படிச் சொன்னா, நான் முதல்ல ஆடியோகிராம், அதாவது காது எந்தச் சுருதியில எவ்வளவு கேட்குதுன்னு கோடு போட்டுக் காட்டுற சோதனை, எடுக்கத்தான் சொல்லுவேன். கை நீட்டுற தூரத்துல நிக்கிறவர் கிட்ட கத்திப் பேச வேண்டியிருந்தா, அங்கே சத்தம் 85 டெசிபலுக்கு மேலன்னு வெச்சுக்கலாம். தொழிற்சாலை விதிப்படி 90 டெசிபல்ல எட்டு மணி நேரம்தான் இருக்கலாம், 100 ஆனா ரெண்டு மணி நேரம். தறி ஷெட்டுல அதெல்லாம் சர்வசாதாரணம். வீட்டோட இருக்கிற தறிக்கு அந்த விதியை யாரும் வந்து பார்க்கப் போறதில்ல.

உள்காதுல மயிரிழை மாதிரி நுண்ணிய செல்கள் இருக்கு. தொடர்ந்து பெருஞ்சத்தம் பட்டா அது படுத்துடும், திரும்ப முளைக்காது. பொதுவா 4000 ஹெர்ட்ஸ் பக்கம் முதல்ல அடிபடும். அதனால பேச்சு கேட்கும், ஆனா ச, ஸ, த எல்லாம் தெளிவா விழாது. நாம கத்திப் பேசுறோம்னு நமக்கே தெரியாது. வெளியில இருந்து வர வேண்டியது குறையும்போது மூளை தானா ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கும்னு சொல்றாங்க. தறி ஓடும்போது அது மறைஞ்சிருக்கும், அமைதியானா எந்திரிக்கும். உங்க வீட்டுக்காரர் ஓட்டின பேன்தான் சரியான வைத்தியம், அது தெரியாமலே பண்ணியிருக்கார். அவருக்கும் சோதனை பண்ணுங்க.

ஞாயிறு முழுக்க தறிப்பக்கம் போகாம இருந்துட்டு திங்கள் காலையில போங்க. சத்தத்துல இருந்து நேரா வந்தா ரிசல்ட் சரியா வராது. எண்ணெய் விடுறது, பஞ்சு வைக்கிறது ரெண்டும் வேண்டாம். பஞ்சு சத்தத்தைத் தடுக்காது. மெடிக்கல்ல நுரை அடைப்பான் கிடைக்கும், உருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடிச்சு உள்ளே வெச்சு, அது விரியுற வரைக்கும் விரலால அழுத்திப் பிடிக்கணும். ஒரு பக்கம் மட்டும் இரைச்சல், தலைசுத்தல், திடீர்னு கேட்காம போறதுன்னா திங்கள் வரைக்கும் காத்திருக்காதீங்க.

ஒரு கேள்வி. ராத்திரி உங்க ஊர்ல சில்வண்டு கேட்குதா?

மொட்டைமாடி

அக்கா, உங்க அத்தை கேட்ட "சும்மா எதுக்கு உக்காரணும்?" இருக்கே, அதுதான் எனக்கு மெயின் பிரச்சினையாத் தெரியுது. எங்க வீட்ல அவர் ஈஸிசேர்ல கண்ணை மூடினா "அப்பா யோசிக்கிறார், சத்தம் போடாதே." நான் கண்ணை மூடினா "தலைவலியா?"

நான் கண்டுபிடிச்சது வடாம். சித்திரை வைகாசியில காலையில பிழிஞ்சு மாடியில காயப் போட்டுட்டு, காக்கா வராம காவல் இருக்கணும்னு ஒரு குடையை விரிச்சு உக்காந்துடுவேன். மூணு மணி நேரம். ஒருத்தர் ஏறி வர மாட்டாங்க, வந்தா வெயில்ல தங்களை உக்கார வெச்சுடுவேனோன்னு பயம். மிளகாய் காய வைக்கிறது, துணி மடிக்கிறது எல்லாம் இந்தக் கணக்குலதான். கையில ஒரு வேலை இருக்கிற மாதிரி இருந்தா நம்மளை யாரும் எதுவும் கேட்கிறதில்ல. மழைக்காலம்தான் கஷ்டம். வருஷம் முழுக்க வடாம் போட முடியாதே! போன வருஷம் போட்டதே ரெண்டு டின் இருக்கு, யாராவது வேணும்னா சொல்லுங்க.

தறிக்காரம்மா

மூணு வாரம் ஆச்சுங்க, மன்னிச்சுக்குங்க. எல்லாருக்கும் சேர்த்தே எழுதுறேன்.

செவிப்பறை சார் கேட்ட சில்வண்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். அதப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்க ஊர்ல சில்வண்டு இல்லைங்க, மருந்தடிச்சு மருந்தடிச்சு எல்லாம் போயிருச்சுன்னு நான் பல வருசமாச் சொல்லிட்டிருக்கேன். ஞாயித்துக்கெழம ராத்திரி மகள் வந்திருந்துச்சு. வாசப்படியில உக்காந்து சும்மா கேட்டேன், "ஏம் பாப்பா, சில்வண்டு கத்துதா?"ன்னு. அது என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. "ஏம்மா, காதே கிழியுதே"ன்னுச்சு.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நான் அமைதின்னு நெனச்சுட்டு உக்காந்திருந்த அத்தனை ராத்திரியும் அதுக கத்திட்டுத்தான் இருந்திருக்குது. அப்புறம் பாப்பா ஒன்னு பண்ணுச்சு. தறிக்குடோனுக்குள்ள பேச்சுக் கேக்காதுன்னு நாங்க கையிலயே பேசிக்குவோம்ல, அது மாதிரி, வண்டு நிறுத்துனா கைய மூடிக் காட்டும், ஆரம்பிச்சா விரிச்சுக் காட்டும். மூடும், விரிக்கும். ரெண்டு பேரும் பத்து மணி வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தோம். அத்தைகூட ஒன்னும் கேக்கல.

திங்கக்கெழம போயி எடுத்தோம். எனக்கு நாலாயிரத்துகிட்ட கோடு குழிக்குள்ள உழுந்த மாதிரி கீழ போயி மறுபடி மேல வருது. எங்கூட்டுக்காரருக்கு என்னைய விட மோசம், வலது காது. அவரு ரோசத்துல "அந்த மிஷின் சரியில்ல"ன்னுட்டு வந்தாரு. சாமியார் சேனல நிறுத்திட்டேன். கோவமெல்லாம் இல்ல, கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு.

மொட்டைமாடி கண்ணு, நீ சொன்னதுதான் எனக்கு எங்க அம்மாயிய ஞாபகப்படுத்துச்சு. காங்கயத்துப் பக்கம், கொறங்காடு, ஆடு மாடு மேய்க்கிற வேலி போட்ட மேய்ச்சக் காடு. சுத்தீலும் கிளுவை வேலி, நடுவுல அங்கொன்னும் இங்கொன்னுமா வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லு. காலையில சோத்துப் போசியோட ஆட்ட ஓட்டிட்டுப் போனா பொழுதோடதான் வரும். நாள் பூரா ஒத்தை மரத்தடியில ஒத்தையா உக்காந்திருக்கும். யாரும் அதைப் போயி ஏன் சும்மா உக்காந்திருக்கேன்னு கேக்கல. ஏன்னா ஆடு மேயுதில்ல. நான் சின்னப் புள்ளையில கூடப் போயி, பொழுது போகாம அழுதிருக்கேன். அது என்ன நெனச்சுட்டு உக்காந்திருந்துச்சுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துச்சுங்க. என்கிட்டயும் ஒரு ஆடு இருக்குதுல்ல. பாவு பிணைக்கிறது.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். தறியில ஒரு பாவு தீந்துதுன்னா புதுப் பாவு சுத்துன உருளைய, பீம ஏத்தி, பழைய பாவோட ஒவ்வொரு இழையையும் புதுசோட ஒவ்வொரு இழைய எடுத்து வெரல்ல முறுக்கி இணைக்கணும். எங்க துணிக்கு 2,800 இழை. ஒன்னு விட்டாலும் துணியில கோடு உழுந்துரும். வெரலு வழுக்காம இருக்க நான் சாம்பல் தொட்டுக்குவேன். எனக்கு அஞ்சு மணி நேரம் புடிக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கப்பாகிட்டப் பழகுனது. இங்க வந்து ஆள் வெச்சுக் கூலி குடுத்துட்டிருந்தோம். இனி நானே பண்றேன்னு சொன்னேன், காசு மிச்சம்னு எல்லாருக்கும் சந்தோசம்.

மொதல்ல மின்வாரியத்துக்காரங்க மாசாந்திரக் கரண்ட் நிறுத்துற அன்னைக்கு உக்காந்தேன். ஒன்பது மணிக்குப் போச்சுன்னா சாயங்காலந்தான் வரும். தறி எல்லாம் நின்னு கெடக்க, ஜன்னல் வெளிச்சத்துல உக்காந்து ஒன்னொன்னா எடுக்கிறது. மொத ஐநூறு இழை வரைக்கும் கார்டு ஐயாவோட அண்ணன் மாதிரி என்ர நாத்தனாரு வந்துச்சு. பேங்குக்குப் போன அந்தத் தோட்டு விசயம். அப்புறம் ஒரு எடத்துல எடது பக்க இழை ரெண்டு ஒட்டிக்கிட்டு வர, அதப் பிரிக்கிறதுல கவனம் போயிருச்சு. அதுக்கப்புறம் நாத்தனாரு எப்பப் போச்சுன்னு தெரியல.

ஆனா பாவு கரண்ட் போற நாளாப் பாத்துத் தீராதுல்லங்க. போன வாரம் அஞ்சாந் தறி தீந்துச்சு, மீதி ஏழும் ஓடிட்டிருக்குது. சார் சொன்ன நுரை அடைப்பான் வாங்கி வெச்சிருந்தேன், ஆரஞ்சுக் கலரு. உருட்டி, மடல மேல இழுத்து, வெச்சு, அமுக்கிப் புடிச்சேன். உள்ளுக்குள்ள அது விரிய விரிய, ஏழு தறியும் நடந்து அந்தப் பக்கம் போற மாதிரி இருந்துச்சு. பக்கத்து ஊருல ஓடுது யாரோ, அந்த அளவுக்குத்தான். என்ர மூச்சுத்தான் பெருசாக் கேக்குது. ஙொய்ங் இருக்குது, அது பாட்டுக்கு இருக்குது. தறி அடிக்கிற அடி பலகையில உக்காந்திருக்கிற எடத்துல தெரியுது, காதுல இல்ல.

ஆயிரத்துச் சொச்சம் இழையில இருப்பேன். அத்தை வந்து கதவுகிட்ட நின்னு ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. காப்பிக்கு. நான் திரும்பல. தறிச் சத்தத்துல கேக்கலையாட்டம் இருக்குதுன்னு அவங்களே சொல்லிக்கிட்டுப் போயிட்டாங்க.

எனக்குக் கேட்டுச்சுங்க.